குறும்பி என்னும் கோட்டைக் காவலன்

செஞ்சிக்காரன் ஒருவன் ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதுகிறான் என்றால், அது ராஜா தேசிங்கைப் பற்றித்தான் இருக்கும் என்று நண்பர்கள் முன்கூட்டியே தீர்மானித்து விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், மராட்டியர் காலத்துக் கோட்டைகளின் வரிசையில் எங்கள் கோட்டையையும் யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அது முதல் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர்கூட, "செஞ்சியா? கோட்டை ஊராச்சே!" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்.

ஆனால் இம்முறை நான் எழுதப் போவது வேறொரு கோட்டையைப் பற்றி. அதன் நீளம் ஓர் அங்குலம். நம் ஒவ்வொருவர் தலையிலும் அப்படி இரண்டு கோட்டைகள் உண்டு. அவையே நம் காதுகள். அவற்றைக் காக்கும் காவலனின் பெயர் குறும்பி.

"சீ! எழுதுவதற்கு வேறு பொருளா கிடைக்கவில்லை?" என்று சிலர் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. ஓராண்டுக்கு முன்புவரை நானும் அப்படிச் சுளித்தவன்தான். அந்தச் சுளிப்பினால் நான் இழந்தது ஒரு தேர்வு. என் ஆயா இழந்தது ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். ஆகவே பொறுமையுடன் படிக்குமாறு ஆசிரியப் பெருமக்களையும் மாணவ நண்பர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

என் குற்றத்தை முதலில் ஒப்புக்கொண்டு விடுகிறேன். எனக்குக் காது குடையும் பழக்கம் இருந்தது. சாதாரணப் பழக்கமல்ல, பெரும் பழக்கம். தீக்குச்சி, ஊக்கு, கோழி இறகு, சைக்கிள் சாவி, பேனா மூடியின் கொக்கி என்று என் காதுக்குள் சென்று வராத பொருளே எங்கள் வீட்டில் இல்லை. கல்லூரியில் சேர்ந்த பிறகு கொஞ்சம் நாகரிகம் வந்தது. மருந்துக் கடையில் 'பட்ஸ்' என்று விற்கும் பஞ்சுக் குச்சிக்கு மாறினேன். நாள்தோறும் குளித்தவுடன் இரண்டு குச்சிகள். பஞ்சின் நுனி மஞ்சளாகிவிட்டால், 'ஆகா, அழுக்கு வந்துவிட்டது' என்று மனநிறைவு. வெள்ளையாகவே வந்தாலோ ஏமாற்றம். இன்னும் சற்று ஆழமாக விட்டுப் பார்ப்பேன்.

குடையும்போது ஒரு சுகம் உண்டு என்பதை மறுக்க முடியாது. கண்கள் தாமே சொருகிக் கொள்ளும். சில வேளைகளில் இருமலும் வரும். காதைக் குடைந்தால் தொண்டை ஏன் இருமுகிறது என்று நான் வியந்ததுண்டு. மூளையிலிருந்து நெஞ்சு, வயிறு வரை செல்லும் வேகஸ் நரம்பின் சிறு கிளை ஒன்று செவிக்குழலின் தோலுக்கும் வருகிறது. அதைத் தொட்டால் தொண்டைக்குச் செய்தி போய்விடுகிறது. இதைப் பிற்பாடு எங்கள் விலங்கியல் பேராசிரியர் சொல்லித்தான் அறிந்தேன்.

சென்ற ஆண்டு பங்குனி மாதம். செஞ்சியின் பாறைக் குன்றுகள் பகலெல்லாம் வெயிலைக் குடித்து, இரவெல்லாம் அதை ஊர்மேல் உமிழும் காலம். மாமாவின் மல்லாட்டைக் கொல்லையில் கிணறு நிறையத் தண்ணீர் இருந்தது. நானும் நண்பர்களும் மாலைதோறும் அதில் குதித்துக் கும்மாளமிட்டோம். கரையேறியதும் நான் செய்யும் முதல் வேலை, காதில் புகுந்த நீரை எடுப்பதாக எண்ணிக் குச்சியை விட்டுச் சுழற்றுவது.

பத்து நாள் கழித்து வலது காதில் நமைச்சல். நமைச்சலுக்கு மருந்து மேலும் குடைவதுதானே! குடைந்தேன். மறுநாள் வலி. காது மடலை லேசாக இழுத்தாலே உயிர் போயிற்று. சோற்றை மெல்ல முடியவில்லை. அம்மா நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, இரண்டு சொட்டு விட்டார்கள். அன்பில் குறையில்லை; ஆனால் வலி கூடிற்று. எதிர்வீட்டு அண்ணன் நுரை பொங்கும் ஒரு மருந்தை வாங்கி வந்து ஊற்றினார். அதுவும் பலிக்கவில்லை. நான்காம் நாள் காது அடைத்துக்கொண்டது. கருமையான நீர் கசிந்தது. தேர்வு நாளன்று காலையில் காய்ச்சலோடு பாயில் கிடந்தேன். அன்றைய தாள் எது தெரியுமா? உடலியங்கியல்!

மறுநாள் அம்மா என்னை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள். ஆயாவுக்கும் இரத்தக் கொதிப்பு மாத்திரை வாங்க வேண்டியிருந்ததால் அவர்களும் உடன் வந்தார்கள். ஆயாவுக்குக் காது கேட்பதில்லை. ஆகையால் அவர்களை வெளியே மரப்பலகையில் உட்காரவைத்து, "இங்கியே இரு" என்று கையால் சைகை காட்டிவிட்டு உள்ளே போனோம்.

காது மருத்துவர் ஓர் அம்மையார். விளக்குப் பொருத்திய சிறு குழலை என் காதில் வைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு, "எந்த ஊர் தம்பி?" என்று கேட்டார்.

"செஞ்சி, மேடம்."

"கோட்டைக்குப் போயிருக்கியா?"

"நூறு தடவை போயிருப்பேன் மேடம்."

"அப்ப ஒண்ணு சொல்லு. எதிரி வர்ற நேரத்துல வாசல்ல நிக்கிற காவலாளியை எல்லாம் விரட்டிட்டு, கதவையும் பேத்து வெச்சா அந்தக் கோட்டை என்ன ஆகும்?"

"எதிரி உள்ளே வந்துடுவான் மேடம்."

"உன் காதுல வந்துட்டான்" என்றார்.

வந்திருந்தவன் காளான் இனத்தைச் சேர்ந்த பூஞ்சணமாம். ஈரமான பழைய செய்தித்தாள்மேல் மிளகுத்தூள் தூவியது போல் உள்ளே படர்ந்திருந்ததாம். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நம் நாட்டில் இது அரிய நோயன்று. குடைந்து குடைந்து தோலில் கீறல் விழுந்து, காவல் நீங்கிய காதில், கிணற்று நீரும் எண்ணெயும் தேங்கினால் அதற்கு விருந்துதானே! மருத்துவர் உறிஞ்சு குழலால் துப்புரவு செய்து, சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். "மூணு வாரத்துக்குக் காதுல தண்ணி படக்கூடாது. எண்ணெய் கூடாது. குச்சி ஆயுசுக்கும் கூடாது" என்றார்.

இங்கே சற்று நின்று அந்தக் காவலனை அறிமுகப்படுத்திவிட்டு மேலே செல்கிறேன்.

நம் செவிக்குழல் ஏறத்தாழ இரண்டரைச் சென்டிமீட்டர் நீளம். அதன் வெளிப்பக்கத்து மூன்றில் ஒரு பகுதி குருத்தெலும்பால் ஆனது, உட்பக்கம் எலும்பு. குழலின் முடிவில் செவிப்பறை. வெளிப்பகுதியில் மட்டும் மெல்லிய மயிர்களும், எண்ணெய்ச் சுரப்பிகளும், வியர்வைச் சுரப்பி மாறியமைந்த ஒருவகைச் சுரப்பிகளும் உள்ளன. இவற்றின் கசிவும், உதிர்ந்த தோலின் செதில்களும், வெளியிலிருந்து வந்த தூசியும் கலந்ததே குறும்பி. அதாவது காவலாளிகள் வாயிலில்தான் நிற்கிறார்கள்; அந்தப்புரத்தில் நிற்பதில்லை. செவிப்பறையின் அருகே குறும்பி கிடந்தால், பெரும்பாலும் யாரோ குச்சியால் அதை உள்ளே தள்ளியிருக்கிறார்கள் என்று மருத்துவர்கள் கண்டுகொள்வார்களாம்.

இக்காவலன் செய்யும் வேலைகள் பல. முதலாவது, அது எண்ணெய்ப் பசை உடையது. ஆகவே நீர் தோலில் ஊறாமல் காக்கிறது. நீரில் ஊறிய தோல் எளிதில் பிளக்கும். பிளந்த இடத்தில் கிருமி புகும். இரண்டாவது, அது ஒட்டும் தன்மை உடையது. தூசியும் சிறு பூச்சியும் அதில் சிக்கிக்கொள்கின்றன. மூன்றாவது, அது சற்றே அமிலத் தன்மை கொண்டது. பல கிருமிகள் அதில் செழிக்க முடிவதில்லை. நான்காவது, கிருமிகளின் சுவரை உடைக்கும் லைசோசைம் என்னும் பொருள் அதில் இருக்கிறது. பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், அதற்கும் முன்பே 1922இல் உலகுக்கு அறிவித்த பொருள் இது. நம் கண்ணீரிலும் உமிழ்நீரிலும் உள்ளது. கண்ணீரைப் போற்றிக் கவிதை எழுதுகிறோம். அதே மருந்தைச் சுமக்கும் குறும்பியைக் கண்டு முகம் சுளிக்கிறோம்!

1980இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நூற்றுக்கு மூன்று பங்கு குறும்பி கலந்த கரைசலில் பலவகைப் பாக்டீரியாக்களை விட்டுப் பார்த்தார்கள். சில வகைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் மடிந்தன. வேறு சில வகைகள் 30 முதல் 80 விழுக்காடு வரை குறைந்தன. நீரில் நீந்துபவர்களின் காதைப் புண்ணாக்கும் சூடோமோனாஸ் என்னும் கிருமி இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஆகவே குறும்பி எல்லாரையும் வெல்லும் மாவீரன் என்று நான் புகழவில்லை. ஆனால் எதிரியைத் தடுத்து, குறைத்து, தாமதப்படுத்துகிறது. காவலின் இலக்கணமே அதுதானே?

எல்லாவற்றினும் வியப்பானது ஒன்று உண்டு. காது தன்னைத் தானே துப்புரவு செய்துகொள்கிறது. செவிக்குழலின் தோல் செவிப்பறையிலிருந்து வாயிலை நோக்கி, நகம் வளரும் வேகத்தில், மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. அதன்மேல் கிடக்கும் பழைய குறும்பியும் கூடவே வெளியே வருகிறது. நாம் மெல்லும்போதும் பேசும்போதும் தாடை அசைவது அதற்கு உதவுகிறது. வேலை முடிந்த காவலாளி தானே வெளியேறுகிறான். புதியவன் வந்து நிற்கிறான். நான் நாள்தோறும் குச்சியால் செய்ததெல்லாம், வெளியே வந்துகொண்டிருந்தவனைப் பிடித்து மீண்டும் உள்ளே தள்ளியதும், நின்றவனைக் கொன்றதும்தான்.

காது குடைதல் இன்று நேற்று வந்த பழக்கமன்று. அரப்பா அகழாய்வில் கிடைத்த உலோகப் பொருள்களிலேயே, முள்வாங்கியுடன் காது தோண்டும் கருவியும் இருக்கிறது. நம் தமிழிலும் 'குறும்பிவாங்கி' என்று அதற்குப் பெயர் உண்டு. சுசுருத சம்ஹிதை காது நோய்கள் 28 என வகுத்து, குறும்பி இறுகி அடைப்பதையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்துள்ளது. வட நாட்டு நகரங்களில் சிவப்புத் தலைப்பாகையும் சிறு கம்பிகளுமாகத் தெருவில் காது துப்புரவு செய்து பிழைப்பவர்கள் உண்டு. பஞ்சுக் குச்சியோ 1923இல் அமெரிக்காவில் லியோ கெர்ஸ்டன்ஸாங் என்பவர் குழந்தைகளுக்கென்று தொடங்கிய வாணிகம். இன்று அந்தப் பெட்டிகளின் மேலேயே, காதுக்குள் விடக்கூடாது என்ற எச்சரிக்கை அச்சிடப்படுகிறது. நானும் எத்தனையோ பெட்டி வாங்கியிருக்கிறேன், ஒன்றையும் படித்ததில்லை.

ஒரு சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் முன்னோர் இதற்குக் குறும்பி என்று தனிப்பெயர் வைத்தார்கள். நாமோ அந்தப் பெயரை மறந்து 'காதழுக்கு' என்று சொல்லத் தொடங்கிவிட்டோம். அழுக்கு என்று பெயர் வைத்தபின் அதை எடுக்காமல் இருக்க மனம் வருமா? பழந்தமிழில் 'குறும்பு' என்ற சொல்லுக்கு அரண் என்ற பொருளும் உண்டு. குறும்பும் குறும்பியும் உறவுச் சொற்கள் என்று நான் வாதிட வரவில்லை. அது தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் தீர்க்க வேண்டிய வழக்கு. ஆனால் கோட்டை ஊர்க்காரனுக்கு அந்த ஓசை ஒற்றுமை இனிக்கிறது.

இனி மருத்துவமனைக்குத் திரும்புவோம்.

மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தபோது, கதவிடுக்கில் ஆயா தெரிந்தார்கள். "அவங்க யாரு? உங்களோட வந்தவங்களா? பாட்டீம்மா!" என்று மருத்துவர் அழைத்தார். ஆயா திரும்பவில்லை.

"அவங்களுக்குக் காது கேக்காது மேடம். வயசாயிடுச்சி" என்றேன்.

"யார் பாத்துச் சொன்னாங்க?"

எனக்கு விடை தெரியவில்லை. அம்மாவைப் பார்த்தேன். அம்மாவும் என்னைப் பார்த்தார்கள். யாரும் பார்க்கவில்லை, யாரும் சொல்லவில்லை. எழுபத்தைந்து வயதாயிற்று, கேட்கவில்லை, அவ்வளவுதான் என்று நாங்களே தீர்ப்பு எழுதிவிட்டோம். மூன்று ஆண்டுகளாக அந்தத் தீர்ப்பின்படியே குடும்பம் நடந்துகொண்டிருந்தது.

ஆயாவை உள்ளே கூட்டி வந்தோம். இரண்டு காதுகளையும் பார்த்த மருத்துவர், "ரெண்டும் இறுகிப் போயி அடைச்சிருக்கு. அஞ்சு நாள் இந்தச் சொட்டு மருந்தை விட்டு ஊறவெச்சிக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

என் காதில் காவலன் இல்லாததால் வந்த வினை. ஆயாவின் காதில் காவலன் வெளியேற வழியில்லாததால் வந்த வினை. வயது ஏற ஏறச் சுரப்பிகள் வறள்கின்றன. குறும்பி காய்ந்து கெட்டியாகிறது. காது மயிர் தடித்து வழியை மறிக்கிறது. தோல் நகரும் வேகமும் குறைகிறது. போதாக்குறைக்கு ஆயாவும் தம் சேலைத் தலைப்பைத் திரித்துக் காதில் விட்டுச் சுழற்றுவார்கள். 2017இல் அமெரிக்கக் காது மருத்துவர்கள் வெளியிட்ட வழிகாட்டி நூலில், பெரியவர்களுள் இருபதில் ஒருவருக்குக் குறும்பி அடைப்பு உண்டென்றும், முதியோருள் மூன்றில் ஒரு பங்கினருக்கும் மேல் உண்டென்றும் குறித்திருக்கிறார்கள். முதியவர் ஒருவருக்குக் கேட்கவில்லை என்றால், காரணம் காலமாகவும் இருக்கலாம். கையளவு வெந்நீரில் தீரும் குறும்பியாகவும் இருக்கலாம். பார்த்தால்தானே தெரியும்?

ஐந்து நாள் கழித்து மீண்டும் சென்றோம். உடம்பின் சூட்டுக்கு ஒப்பான வெதுவெதுப்பான நீரைப் பெரிய பீச்சுக்குழலில் எடுத்துக் காதுக்குள் மெல்லப் பாய்ச்சினார்கள். நீர் சில்லென்று இருந்தால் தலை சுற்றும்; செவிப்பறையில் ஓட்டை இருந்தால் நீரே பாய்ச்சக் கூடாது; ஆகவே வீட்டில் செய்யும் வேலையன்று இது. மூன்றாம் தடவை பாய்ச்சியபோது புளியங்கொட்டை நிறத்தில், ஏறக்குறைய அந்த அளவில், ஒரு கட்டி பாத்திரத்தில் விழுந்தது. மறு காதிலும் அப்படியே.

ஆயா திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள். மின்விசிறியைப் பார்த்தார்கள். பிறகு எங்களைப் பார்த்து, "ஏண்டா எல்லாரும் இப்பிடிக் கத்துறீங்க?" என்றார்கள்.

நாங்கள் கத்தவில்லை. மூன்று ஆண்டுகளாக ஆயாவிடம் கத்திக் கத்திப் பழகிய குரலில்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

பேருந்தில் திரும்பும்போது ஆயா குழந்தையைப் போல் ஒவ்வோர் ஓசையையும் அடையாளம் கண்டுகொண்டு வந்தார்கள். நடத்துநரின் விசில், முன் இருக்கைக் குழந்தையின் கொலுசு, கடலை விற்பவரின் குரல். மூப்பினால் வந்த மந்தம் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. அதை மருத்துவரும் மறைக்காமல் சொன்னார். ஆனால் அடைபட்டிருந்த கதவு திறந்துவிட்டது.

அன்று இரவு வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது ஆயா அப்பாவைக் கேட்டார்கள்: "அந்தப் புளிய மரத்த ஏன்டா வித்த?"

எங்கள் கொல்லையின் ஓரத்தில் ஒரு புளிய மரம் இருந்தது. தாத்தா வைத்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அக்காவின் திருமணச் செலவுக்காக அதை விற்றோம். வெட்டுவதற்கு முன்பு அப்பா ஆயாவிடம் வந்து சொன்னதும், ஆயா தலையை ஆட்டியதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"உன்னக் கேட்டுத்தானம்மா வித்தேன்? நீதான் தலையாட்டினியே!" என்றார் அப்பா.

"எனுக்கு எங்கடா கேட்டுச்சி? நீ வாய அசைச்ச, நான் தலைய அசைச்சேன். மறுநா பாத்தா மரம் கீழ கெடக்குது."

"அப்பவே ஏன்னு கேட்டிருக்கலாமே ஆயா?" என்றேன் நான்.

"கேட்டா மட்டும் எனுக்குக் கேக்கவா போவுது? அதான் கேக்கல."

அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். எனக்கு எதுவும் பேச வரவில்லை. தமிழில் வினவுவதற்கும் செவிமடுப்பதற்கும் 'கேட்டல்' என்ற ஒரே சொல்தான். வள்ளுவர் நாற்பத்திரண்டாம் அதிகாரத்திற்குக் 'கேள்வி' என்றுதான் பெயரிட்டிருக்கிறார். தேர்வுக்காக அதை மனப்பாடம் செய்தபோது விளங்காதது, அன்று திண்ணையில் விளங்கிற்று. செவி அடைபட்டவன் வினவும் உரிமையையும் இழந்துவிடுகிறான். தன் கணவன் நட்ட மரத்தைத் தன்னைக் கேட்காமலே பிள்ளை விற்றுவிட்டான் என்று எண்ணிக்கொண்டு, இரண்டு ஆண்டுகள் எங்கள் ஆயா வாய் திறவாமல் அதே திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நாங்கள் அதை முதுமையின் அமைதி என்று எண்ணியிருந்தோம்.

கோட்டை வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. 1690 முதல் 1698 வரை ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார்கான் செஞ்சியை முற்றுகையிட்டான். எட்டு ஆண்டுகள் அந்தக் கோட்டை தாக்குப்பிடித்தது. அதே கோட்டையை 1750இல் புஸ்ஸி என்னும் பிரெஞ்சுத் தளபதி, வாயிற்கதவை வெடிவைத்துத் தகர்த்து நுழைந்து, ஒரே இரவில் பிடித்துவிட்டான். மலைகள் அப்படியே இருந்தன. மதில்களும் அப்படியே இருந்தன. வாயில்தான் போயிற்று. ஏறத்தாழ 800 அடி உயரமுள்ள ராஜகிரி மலையின் உச்சியில் இருந்து அந்த வாயில்களைப் பார்க்கும்போதெல்லாம், இப்போது எனக்கு என் காதுதான் நினைவுக்கு வருகிறது.

நண்பர்களே, நான் கற்றுக்கொண்டவை இவைதாம். காதில் எதையும் விடாதீர்கள். முழங்கையை விடச் சிறிய எதையும் காதில் விடாதே என்று மேல்நாட்டு மருத்துவர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள். முழங்கை எவர் காதிலும் நுழையாது அல்லவா? குளித்தபின் காதின் வெளிமடலைத் துண்டால் துடைத்தால் போதும். காய்ச்சிய எண்ணெயை ஊற்றாதீர்கள். வலி, சீழ், கேளாமை, தலைசுற்றல் ஆகியவற்றுள் எது வந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் சர்க்கரை நோயாளிகள் இருந்தால் அவர்களின் காது வலியை ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள். அவர்களுக்கு அது எலும்பு வரை பரவக்கூடும்.

கேட்கும் திறனில் குறைபாடு உடையோர் உலகில் 150 கோடிக்கும் மேல் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2021ஆம் ஆண்டின் அறிக்கையில் கூறியது. ஆண்டுதோறும் மார்ச் 3ஆம் நாள் உலகச் செவித்திறன் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. வரும் மார்ச் 3 அன்று, நம் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஏதேனும் ஒரு கிராமத்திற்குச் சென்று, திண்ணைகளில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் முதியவர்களை ஒருமுறை மருத்துவரிடம் காட்டலாமே! எல்லாருக்கும் கேட்டுவிடும் என்று சொல்லவில்லை. ஆனால் யாருக்குக் கேட்கக் கூடும் என்பதையாவது அறிந்துகொள்ளலாம்.

என் தேர்வை அடுத்த பருவத்தில் எழுதித் தேறிவிட்டேன். வெட்டிய மரத்தை மீண்டும் நிறுத்த முடியாது. அப்பா அதே இடத்தில் ஒரு புளியங்கன்று வைத்திருக்கிறார். ஆயாவைக் கேட்டு, அவர்கள் கேட்டு, சரியென்று சொன்ன பிறகு.

சென்ற வாரம் சமையலறையில் தீப்பெட்டியைத் திறந்தேன். குச்சிகள் கலகலத்த ஓசை மிகச் சிறியது. திண்ணையிலிருந்து உடனே குரல் வந்தது:

"இன்னாடா, மறுபடியும் காதுலியா?"

"இல்ல ஆயா, அடுப்பு பத்த வெக்கிறேன்!"

கேட்டுவிட்டது. எனக்கு அது போதும்.